கீமோ வார்டில் "ஈஸ்ட் வளருது" என்று லேப் சொன்னால்: கேண்டிடா அல்லாத ஈஸ்ட்டுகளைக் கண்டுபிடித்துச் சமாளிப்பது எப்படி?

லுக்கிமியாவுக்கு இன்டக்ஷன் கீமோ போய்க்கொண்டிருக்கும் நோயாளி. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுவான நியூட்ரோபிலின் கவுன்ட் 100-க்குக் கீழே. ஆன்டிபயாடிக்கை மாற்றியும் காய்ச்சல் விடவில்லை என்று காஸ்போஃபங்கின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கி நான்கு நாள் ஆகிறது. பிளட் கல்ச்சர் பாட்டிலில் ஈஸ்ட் (ஒற்றைச் செல் பூஞ்சை) தெரிகிறது என்று லேபிலிருந்து போன் வருகிறது. "கேண்டிடாவாகத்தான் இருக்கும், காஸ்போஃபங்கின்தான் ஓடுகிறதே, பெயர் வரட்டும்" என்று விட்டுவிடுவது இந்த இடத்தில் அடிக்கடி நடக்கிற தவறு. பெயர் வர இரண்டு மூன்று நாள் ஆகும். இந்த நோயாளிகளிடம் அத்தனை நாள் கிடையாது.

காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின் ஆகிய எக்கினோகாண்டின் மருந்துகள் அடிக்கடி வரும் ஈஸ்ட்டான கேண்டிடாவுக்கு அருமையானவை. ஆனால் டிரைக்கோஸ்போரான், மேக்னூசியோமைசிஸ், ரோடோடொருலா, கிரிப்டோகாக்கஸ், மலசீசியா ஆகிய ஐந்தையும் அவை தொடுவதே இல்லை. இயல்பிலேயே எதிர்ப்பு உள்ளவை இவை. டோஸைக் கூட்டினாலும் பயன் இல்லை. அதனால் போனைக் கீழே வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த ஈஸ்ட் எந்த மருந்தைத் தாண்டி வளர்ந்திருக்கிறது? கேஸ் ஷீட்டில் அந்த விடை ஏற்கெனவே எழுதியிருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்த விடையிலிருந்துதான் கிளம்புகின்றன.

இது வார்டில் இருக்கும் டாக்டர்கள், நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்களுக்கானது. கடைசிப் பகுதி நோயாளியின் குடும்பத்துக்கும் உதவும். மருந்தின் அளவுகள் எல்லாம் மருத்துவர் தீர்மானிப்பதற்கே.

எங்கிருந்து வருகின்றன?

இரண்டு வாசல்கள். ஒன்று குடல். சைட்டராபின் போன்ற மருந்துகளில் வாயும் குடலும் புண்ணாகும்போது, உள்ளே குடியிருக்கும் ஈஸ்ட் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குப் போகிறது. டிரைக்கோஸ்போரானும் மேக்னூசியோமைசிஸும் பெரும்பாலும் இந்த வழிதான். நியூட்ரோபில் 500-க்குக் கீழே பத்து நாளுக்கு மேல் கிடப்பது, பல வாரமாக ஓடும் பலத்த ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு இவை மூன்றும் சேர்ந்தால் ஆபத்து ஏறுகிறது. ஏ.எம்.எல். (அக்யூட் மைலாய்டு லுக்கிமியா) நோயாளிகளிடம் அதிகம் பார்ப்பது இதனால்தான்.

இன்னொரு வாசல் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய இரத்தக் குழாய்க்குள் போகும் மருந்துக் குழாய். ஹிக்மேன், பிக், கீமோ போர்ட் எதுவானாலும் சரி. ரோடோடொருலா பிளாஸ்டிக்கில் படலம் கட்டி வாழும். மலசீசியா கொழுப்பைத் தின்று வாழ்வது. லைன் வழியாக லிப்பிட் (கொழுப்பு) கலந்த டி.பி.என். (நரம்பு வழி உணவு) ஏறும் நோயாளியிடம், அதிலும் குறைமாதக் குழந்தைகளிடம், அதிகம் வரும். சாக்கரோமைசிஸ் இரண்டு வழியிலும் வரும். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாசல் எது என்று தெரிந்தால், லைனை உடனே பிடுங்குவதா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இரத்தம் எடுக்கும்போதே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது

கல்ச்சரில் ஈஸ்ட் பிடிபடாமல் போவதற்கு முதல் காரணம் இரத்தத்தின் அளவு. 10 மி.லி. கேட்கும் பாட்டிலில் 3 மி.லி. போட்டு அனுப்பினால், இரத்தத்தில் கிருமி குறைவாக இருக்கும் நாளில் ஒன்றும் வளராது. பெரியவர்களுக்கு ஒரு முறைக்கு மொத்தம் 40 முதல் 60 மி.லி. வரை, பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. என்று பிரித்து, அரை மணி நேரத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து: 2 கிலோவுக்குக் கீழே என்றால் 2 முதல் 4 மி.லி., 2 முதல் 12 கிலோ வரை 6 மி.லி., 12 முதல் 36 கிலோ வரை 20 மி.லி. ஹீமோகுளோபின் குறைந்த நோயாளியிடம் இவ்வளவு இரத்தமா என்று தயங்குவது இயல்பு. ஆனால் பாதி அளவு எடுத்து மூன்று முறை திரும்ப எடுப்பதில்தான் கடைசியில் அதிக இரத்தம் போகும்.

லைனிலிருந்து ஒரு செட், கை நரம்பிலிருந்து ஒரு செட். இரண்டும் ஒரே அளவு, ஒரே நேரம். பாட்டிலில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்றும், மணியும் எழுதுங்கள். லைன் பாட்டில் கை பாட்டிலைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி பாசிட்டிவ் ஆனால் லைன்மேல் சந்தேகம் வலுக்கும். இந்தக் கணக்கு பாக்டீரியாவுக்குச் செய்தது. ஈஸ்ட்டில் துணைச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லைனில் மட்டும் எடுத்து அனுப்பினால் இந்தச் சாட்சியும் கிடைக்காது.

லைனின் வெளிமுனையான ஹப்பை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் 15 நொடியாவது அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, பிறகு எடுங்கள். முதல் சில மி.லி.யைக் கொட்டிவிடாதீர்கள், கிருமி அதில்தான் அதிகம்.

கல்ச்சர் வளரும்வரை உடம்பைப் பாருங்கள். டிரைக்கோஸ்போரான் பரவிய நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்குத் தோலில் சிவந்த சிறு மேடுகள் வரும், சில நடுவில் கறுத்துப்போகும். கை, கால், மார்பு என்று எங்கும் இருக்கலாம். பிளேட்லெட் குறைவால் வந்த புள்ளி என்று விட்டுவிடாமல், ஒன்றையாவது பயாப்ஸி எடுத்து, பாதியை ஃபார்மலினிலும் பாதியை ஸ்டெரைல் சலைனிலும் போட்டு அனுப்புங்கள். முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கல்ச்சர் செய்ய எதுவும் மிஞ்சாது.

லேப் மேஜையில்

பாட்டில் பாசிட்டிவ் ஆனதும் கிராம் ஸ்டெயினை "பட்டிங் ஈஸ்ட் செல்ஸ்" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடாதீர்கள். அந்த ஸ்லைடில் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் இரண்டு நாள் மிச்சமாகும்.

ஆயில் இம்மர்ஷனில் பல ஃபீல்டுகளை நகர்த்திப் பாருங்கள். வட்டமான, மொட்டுவிடும் செல்கள் மட்டும்தான் இருக்கின்றனவா? அல்லது நீளமான இழைகளும், அவை துண்டுதுண்டாக உடைந்த, செங்கல்போல் நான்கு மூலை கொண்ட செல்களும் இருக்கின்றனவா? அவைதான் ஆர்த்ரோகொனிடியா. கேண்டிடாவில் இவை வராது. இவற்றைப் பார்த்தால் டிரைக்கோஸ்போரான், மேக்னூசியோமைசிஸ், ஜியோட்ரைக்கம் என்ற மூன்றில் ஒன்று. வார்டுக்குப் போன் செய்யும்போது "ஈஸ்ட், கூடவே ஆர்த்ரோகொனிடியாவும் இருக்கிறது, எக்கினோகாண்டினை நம்ப வேண்டாம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த டாக்டர் உங்களுக்கு என்றும் கடமைப்பட்டிருப்பார்.

அடுத்தது யூரியேஸ், அதாவது ஈஸ்ட் யூரியாவை உடைக்கிறதா என்று நிறமாற்றத்தில் பார்ப்பது. விலை குறைந்த பழைய சோதனைதான். ஆனால் இங்கே இதன் மதிப்பு பெரிது. டிரைக்கோஸ்போரான், ரோடோடொருலா, கிரிப்டோகாக்கஸ் மூன்றும் பாசிட்டிவ். மேக்னூசியோமைசிஸும் ஜியோட்ரைக்கமும் நெகட்டிவ். ஆர்த்ரோகொனிடியா இருந்து யூரியேஸ் இளஞ்சிவப்பானால் டிரைக்கோஸ்போரான் பக்கம். மஞ்சளாகவே நின்றால் மேக்னூசியோமைசிஸ் பக்கம். ஒரே நாளில் நிறம் மாறவில்லை என்று அவசரப்பட்டு நெகட்டிவ் எழுதாதீர்கள். சில நாள் வைத்துப் பார்க்க வேண்டிய ஸ்ட்ரெயின்கள் உண்டு.

இந்தியா இங்க் போட்டுக் கேப்சூல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சோள மாவு அகாரில் கவர்ஸ்லிப் வைத்து வளர்த்தால் இன்னும் தெளியும்: டிரைக்கோஸ்போரானில் ஆர்த்ரோகொனிடியாவோடு மொட்டுவிடும் செல்களும் இருக்கும், ஜியோட்ரைக்கத்தில் மொட்டே இருக்காது.

காலனியின் தோற்றமும் பேசும். டிரைக்கோஸ்போரான் அசாஹியை நாளாக நாளாக உலர்ந்து, மாவு தூவியதுபோல், சுருக்கம் விழுந்து நிற்கும். ரோடோடொருலா பவள நிறத்தில் மின்னும், அந்த நிறத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நிறம் முழுதாக ஏற இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

கருவியின் வாயிலிருந்து வரும் பெயரை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதுவதுதான் அடுத்த பெரிய பிழை. பழைய ஏ.பி.ஐ. 20சி ஸ்ட்ரிப்பில் "ரோடோடொருலா குளுட்டினிஸ்" என்று வந்து, காலனியோ வெள்ளையாக இருந்தால், அது ரோடோடொருலா இல்லை. கேண்டிடா ஆரிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். வைடெக் கருவியில் "கேண்டிடா ஹெமுலோனி" என்று வந்தாலும் அதே சந்தேகம். இந்தியாவின் ஐ.சி.யூ.க்களில் ஆரிஸ் பரவியிருக்கும் அளவுக்கு, இந்த இரண்டு பெயர்களையும் மறுபரிசோதனை இல்லாமல் வெளியே விடக் கூடாது. மருந்தும் தலைகீழாக மாறுகிறது: ஆரிஸுக்கு எக்கினோகாண்டின்தான் முதல் தேர்வு, ரோடோடொருலாவுக்கு அது வெறும் தண்ணீர்.

கிருமியின் புரத அமைப்பை வைத்துப் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவி இருந்தால் நல்லது. அதிலும் டேட்டாபேஸ் புதியதா என்று பாருங்கள். மேக்னூசியோமைசிஸ் கேபிடேட்டஸ் பழைய பட்டியல்களில் சாப்ரோகீட் கேபிடேட்டா, ஜியோட்ரைக்கம் கேபிடேட்டம், பிளாஸ்டோஸ்கைசோமைசிஸ் கேபிடேட்டஸ் என்று பல பெயர்களில் கிடக்கிறது, எல்லாம் ஒன்றுதான். அதன் உடன்பிறப்பான கிளவேட்டஸை அதிலிருந்து பிரிக்க செல்லோபயோஸ், சாலிசின் சோதனைகள் உதவும்: கிளவேட்டஸ் இரண்டையும் பயன்படுத்தும், கேபிடேட்டஸ் பயன்படுத்தாது. ஸ்கோர் குறைவாக வந்தால் ஐ.டி.எஸ். (ஒரு டி.என்.ஏ. பகுதி) சீக்வென்சிங்குக்கு அனுப்புங்கள். டிரைக்கோஸ்போரானில் இனத்தைத் துல்லியமாகச் சொல்ல ஐ.ஜி.எஸ்.1 பகுதி தேவைப்படும். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் நோய்ப் பூஞ்சைகளுக்கான தேசியச் சேகரிப்பு மையம் இருக்கிறது. சந்தேகமான ஐசலேட்டை ஸ்லாண்டில் அங்கே அனுப்பலாம்.

ஸ்மியரில் ஈஸ்ட் தெளிவாகத் தெரிகிறது, பிளேட்டில் மட்டும் ஒன்றும் வளரவில்லை என்றால்? மீடியாவையோ டெக்னீஷியனையோ குறை சொல்வதற்கு முன் மலசீசியாவை நினையுங்கள். அதற்குக் கொழுப்பு வேண்டும். சபுரோ பிளேட்டின்மேல் ஸ்டெரிலைஸ் செய்த ஆலிவ் எண்ணெயை மெல்லிய படலமாகப் பரப்பி, பாட்டில் திரவத்தைத் தேய்த்து, 32 முதல் 35 டிகிரியில் ஒரு வாரம்வரை வைத்துப் பாருங்கள்.

சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்டைப் பற்றி: இந்த அரிய ஈஸ்ட்டுகளுக்கு பிரேக்பாயின்ட் (மருந்து கேட்குமா, கேட்காதா என்று பிரிக்கும் எல்லை எண்) வகுக்கப்படவில்லை. அதனால் "எஸ்" (கேட்கும்), "ஆர்" (கேட்காது) என்று எழுதுவதற்கு அடிப்படையே கிடையாது. எம்.ஐ.சி. (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்து அளவு) எண்ணை மட்டும் எழுதி, "விளக்கத்துக்கு மைக்ரோபயாலஜிஸ்டிடம் பேசவும்" என்று குறிப்பிடுங்கள். கேண்டிடா அளவுகோலை வைத்து ரோடோடொருலாவுக்கு ஃப்ளூகோனசோல் "எஸ்" என்று போன ரிப்போர்ட் ஆளைக் கொல்லும்.

இரண்டு குறிப்புகள் கூடுதலாகக் கைகொடுக்கும். டிரைக்கோஸ்போரான் கிரிப்டோகாக்கல் ஆன்டிஜன் சோதனையைப் பொய்யாகப் பாசிட்டிவ் ஆக்கும். மேக்னூசியோமைசிஸ், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையைத் தேடும் கேலக்டோமன்னன் சோதனையைப் பாசிட்டிவ் ஆக்கலாம். நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸுக்கான அடையாளம் இல்லாமல் கேலக்டோமன்னன் ஏறி, கூடவே இரத்தத்தில் ஈஸ்டும் இருந்தால், இரண்டு கிருமியைத் தேடாதீர்கள். ஒன்றே இரண்டையும் விளக்கும்.

முதல் இரவு: பெயர் வருவதற்கு முன்

எந்தப் பூஞ்சை மருந்தும் இல்லாமல் இருந்தவர், ஸ்மியரில் வட்ட மொட்டுச் செல்கள் மட்டும்: எக்கினோகாண்டின் தொடங்குவது சரி. கேண்டிடாவே வாய்ப்பில் முந்தி நிற்கிறது.

எக்கினோகாண்டினில் இருந்தபோதே ஈஸ்ட் வளர்ந்திருந்தால், அல்லது ஆர்த்ரோகொனிடியா தெரிந்தால், அன்று இரவே லைபோசோமல் ஆம்போடெரிசின் பி, கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. ஆர்த்ரோகொனிடியா உறுதியாகத் தெரிந்தால், பெயர் வரும்வரை வோரிகோனசோலையும் சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது. டிரைக்கோஸ்போரான் ஆம்போடெரிசினுக்குச் சரியாக அடங்காது, அதை மட்டும் நம்பினால் தொற்று மருந்தைத் தாண்டி வளர்கிறது. ஆனால் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து ஓடுகிறதா என்று பார்க்காமல் வோரிகோனசோலை எழுதவே கூடாது. காரணம் கீழே.

ஃப்ளூகோனசோல் தடுப்பு மருந்தில் இருந்தவர் என்றால் கேண்டிடா இனங்களான கிளப்ராட்டா, குருசையோடு ரோடோடொருலா, சாக்கரோமைசிஸ், மேக்னூசியோமைசிஸ் எல்லாம் பட்டியலில் ஏறும். வோரிகோனசோல் அல்லது போசாகோனசோலைத் தாண்டி வளர்ந்தது என்றால் ரோடோடொருலாவை முதலில் சந்தேகியுங்கள். இரண்டுக்கும் ஆம்போடெரிசின்தான் பாதுகாப்பான தொடக்கம்.

எந்த நிலையிலும், இரத்தத்தில் வளர்ந்த ஈஸ்ட்டை "கன்டாமினேஷன்" என்று ஒதுக்காதீர்கள். ரோடோடொருலா காற்றிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும் கிருமி என்பதால் அந்த ஆசை வரும். கவுன்ட் (நியூட்ரோபில்) இல்லாத நோயாளியிடம் ஒரே ஒரு பாட்டில் பாசிட்டிவ் ஆனாலும் வைத்தியம் பண்ணியாக வேண்டும்.

பெயர் வந்த பிறகு

டிரைக்கோஸ்போரான்: வோரிகோனசோல். முதல் நாள் கிலோவுக்கு 6 மி.கி. 12 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, பிறகு 4 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. 50 கிலோ நோயாளிக்கு 300, 300, அதன்பின் 200 மி.கி. வீதம். சிறு குழந்தைகளுக்குக் கிலோவுக்கு இதைவிட அதிகம் தேவை. பெரியவர் கணக்கைச் சுருக்கிக் கொடுத்தால் மருந்து பற்றாது.

மேக்னூசியோமைசிஸ்: லைபோசோமல் ஆம்போடெரிசின், முடிந்தால் ஃப்ளூசைட்டோசினோடு. மாற்று, வோரிகோனசோல். இது கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய் உட்காரும் பழக்கம் உள்ளது, இறப்பும் அதிகம், அதனால் நிலைமை மோசமாக இருந்தால் பலர் ஆம்போடெரிசினையும் வோரிகோனசோலையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

ரோடோடொருலா: லைபோசோமல் ஆம்போடெரிசின், தேவைப்பட்டால் ஃப்ளூசைட்டோசின். அசோல் (ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் வகை) எதுவும் வேண்டாம். லைனை எடுத்துவிடுங்கள்.

சாக்கரோமைசிஸ், கோடமேயா ஓமெரி, விக்கர்ஹாமோமைசிஸ் அனோமலஸ்: ஆம்போடெரிசின் அல்லது எக்கினோகாண்டின். மலசீசியா: லைனை எடுத்து, லிப்பிட்டை நிறுத்தி, ஆம்போடெரிசின் அல்லது ஃப்ளூகோனசோல்.

மருந்தை ஏற்றும்போது தவறும் இடங்கள்

ஆம்போடெரிசின் என்று ஒரே பெயரில் வெவ்வேறு மருந்துகள் ஸ்டோரில் இருக்கின்றன. பழைய டிஆக்ஸிகோலேட் வகையின் அளவு கிலோவுக்கு 0.7 முதல் 1 மி.கி., லைபோசோமல் 3 முதல் 5 மி.கி. லைபோசோமல் அளவில் டிஆக்ஸிகோலேட்டை ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆர்டரில் "ஆம்போ பி" என்று சுருக்கி எழுதாதீர்கள். வகையை முழுதாக எழுதி, ஏற்றும் முன் இரண்டு நர்ஸ்கள் வயல் லேபிளை வாய்விட்டு வாசிக்க வேண்டும். கிலோவுக்கு 1.5 மி.கி.யைத் தாண்டும் டிஆக்ஸிகோலேட் ஆர்டர் எதையும் யார் எழுதியிருந்தாலும் ஏற்றக் கூடாது.

லைபோசோமல் கலக்கும் முறை: 50 மி.கி. வயலில் 12 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் ஊற்றி, உடனே 30 நொடி பலமாகக் குலுக்குங்கள். மி.லி.க்கு 4 மி.கி. வரும். வயலோடு வரும் 5 மைக்ரான் ஃபில்டர் வழியாக எடுத்து 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலக்குங்கள். 50 கிலோ நோயாளிக்கு 5 மி.கி. வீதம் 250 மி.கி.; ஐந்து வயல். அதை 250 மி.லி.க்குக் கொண்டுவந்தால் மி.லி.க்கு 1 மி.கி. முதல் டோஸுக்கு முன் 1 மி.கி.யைப் பத்து நிமிடத்தில் கொடுத்து அரை மணி நேரம் கவனித்துவிட்டு, மீதியை ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் ஏற்றலாம்.

சலைன் பட்டால் மருந்து திரிந்துவிடும். ஆனால் கிட்னியைக் காக்க மருந்துக்கு முன்னால் 500 மி.லி. முதல் 1 லிட்டர் சலைன் கொடுப்பதும் நல்ல பழக்கம். இரண்டும் முரண் இல்லை: சலைன் முடிந்ததும் லைனை டெக்ஸ்ட்ரோஸால் ஃப்ளஷ் செய்யுங்கள், மருந்து முடிந்ததும் மறுபடி டெக்ஸ்ட்ரோஸால் ஃப்ளஷ் செய்யுங்கள். கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் தினமும். பொட்டாசியம் ஏற்ற ஏற்ற இறங்கிக்கொண்டே இருந்தால் மெக்னீசியத்தைப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் நிற்காது.

வோரிகோனசோலில் முதல் எச்சரிக்கை வின்கிரிஸ்டின். வோரிகோனசோல், போசாகோனசோல் இரண்டும் வின்கிரிஸ்டினை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தடுக்கும். குடல் அசையாமல் வயிறு உப்புவது, கால் செயலிழந்து தொங்குவது, சோடியம் இறங்குவது, வலிப்பு வரை போகும். ஏ.எல்.எல். (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கிமியா) குழந்தைகளில் இது உயிரோடு விளையாடுவது. வின்கிரிஸ்டினைத் தள்ளிப்போடுவதா, ஆம்போடெரிசினோடு சமாளிப்பதா என்பதை ஆன்காலஜிஸ்டும் தொற்றுநோய் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். சைக்ளோஸ்போரின் அளவைப் பாதியாகவும், டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகவும் குறைத்து லெவல் பார்க்க வேண்டும். வெனிடோக்லாக்ஸ் ஓடினால் அதன் அளவையும் குறைத்தாக வேண்டும். ரிஃபாம்பிசின் ஓடினால் வோரிகோனசோல் இரத்தத்தில் நிற்கவே நிற்காது.

இரண்டாவது, இரத்த அளவு. வோரிகோனசோலைச் செரிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். அதற்கு மரபணுவும் ஒரு காரணம். தொடங்கி ஐந்தாம் நாளுக்குள், அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால், ட்ரஃப் (மருந்து மிகக் குறைந்திருக்கும் நேரத்து இரத்த அளவு) எடுங்கள். லிட்டருக்கு 1 முதல் 5.5 மி.கி.க்குள் இருக்க வேண்டும். குறைந்தால் தொற்று ஓங்கும். கூடினால் நோயாளி இல்லாததைப் பார்ப்பார், பேச்சு குழறும். மாத்திரைக்கு மாறும்போது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் அல்லது பின். இட்லியோடு சேர்த்துக் கொடுத்தால் லெவல் இறங்கும்.

ஃப்ளூசைட்டோசின் கிலோவுக்கு 25 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. எலும்பு மஜ்ஜையை அழுத்தும் மருந்து, அதுவும் ஏற்கெனவே அழுந்திக் கிடக்கும் மஜ்ஜையை. கிட்னி தளர்ந்தால் அளவைக் குறைத்தாக வேண்டும். பல ஊர்களில் இது எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கும் என்று காத்திருந்து ஆம்போடெரிசினைத் தாமதிக்காதீர்கள்.

லைனும் கவுன்ட்டும்

லைன் வழி வந்த தொற்றில் லைனை வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் ஏற்றுவது வீண். குடல் வழி வந்ததாகத் தெரிந்தாலும், 48 முதல் 72 மணி நேரத்தில் கல்ச்சர் நெகட்டிவ் ஆகாவிட்டால் எடுத்துவிடுவதே நல்லது. பிளேட்லெட் 20,000-க்குக் கீழே, கையில் நரம்பே இல்லை என்பது உண்மையான சிரமம்தான். பிளேட்லெட் ஏற்றிவிட்டு எடுக்கத் திட்டமிடுங்கள். புது லைனை அதே நேரத்தில் அதே இடத்தில் கைட்வயர்மேல் மாற்றாதீர்கள். முடிந்தால் ஓரிரு நாள் கை ஊசியில் ஓட்டுங்கள்.

மருந்து எதுவானாலும் நியூட்ரோபில் ஏறாமல் இந்தத் தொற்று முழுதாக அடங்குவது அரிது. நியூட்ரோபிலை ஏற்றும் ஜி.சி.எஸ்.எஃப். கொடுக்கலாமா, ஸ்டீராய்டைக் குறைக்கலாமா, அடுத்த கீமோவைத் தள்ளலாமா என்று முதல் நாளே ஆன்காலஜி டீமோடு பேசிவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது?

கல்ச்சர் தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், நெகட்டிவ் ஆகும்வரை. மருந்து நாள்களை எண்ணத் தொடங்குவது மருந்து ஆரம்பித்த தேதியிலிருந்து இல்லை, முதல் நெகட்டிவ் கல்ச்சர் எடுத்த தேதியிலிருந்து. அங்கிருந்து குறைந்தது 14 நாள். அதோடு காய்ச்சலும் விட்டிருக்க வேண்டும், கவுன்ட்டும் ஏறியிருக்க வேண்டும். உறுப்புகளில் தங்கியிருந்தால் பல வாரம், சில சமயம் பல மாதம்.

கண் மருத்துவரிடம் கண்பாவையை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கவுன்ட் இல்லாதபோது ரெட்டினாவில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனால் கவுன்ட் ஏறிய முதல் வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கல்ச்சர் பாசிட்டிவாகவே தொடர்ந்தால் இதய எக்கோ. வயிற்று சிடி அல்லது எம்.ஆர்.ஐ.யும் கவுன்ட் ஏறிய பிறகுதான் உண்மையைக் காட்டும். கவுன்ட் ஏறும் நாள்களில் காய்ச்சல் திரும்ப வந்து, கல்லீரலில் புள்ளிகள் புதிதாகத் தெரிந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று பதறாதீர்கள். கல்ச்சர் நெகட்டிவாக இருந்தால், வெள்ளை அணுக்கள் திரும்பி வந்து பழைய தொற்றோடு சண்டை போடுவதாகவும் அது இருக்கலாம். அந்த நேரத்தில் மருந்தை அடிக்கடி மாற்றுவதால் வரும் கெடுதலே அதிகம்.

வார்டும் அடுக்களையும்

ஒரே அரிய ஈஸ்ட் சில வாரத்துக்குள் இரண்டு நோயாளிகளிடம் வந்தால், அதைத் தற்செயல் என்று விடக் கூடாது. பிரான்ஸில் 2011, 2012-ல் மேக்னூசியோமைசிஸ் கிளவேட்டஸ் இனம் பல ஊர் மருத்துவமனைகளில் 30 பேரைத் தாக்கியது. பெரும்பாலோர் இரத்தப் புற்றுநோயாளிகள். பின்னர் மார்செய் நகரப் புற்றுநோய் மையம் ஒன்றில் அதே கிருமியைத் தேடிப்போனபோது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அகப்பட்டது. அந்த அறிக்கை 2020-ல் வெளிவந்தது. ஸ்பெயினில் இரத்தநோய் வார்டு ஒன்றில் கேபிடேட்டஸ் பரவியபோது, காலைப் பால் கொண்டுவந்த ஃப்ளாஸ்க்குகளில் அது இருந்தது. சண்டிகரில் 1996 முதல் 1998 வரை விக்கர்ஹாமோமைசிஸ் 379 பச்சிளம் குழந்தைகளையும் சிறுவர்களையும் தொற்றியதற்குக் கை கழுவுவதில் இருந்த குறைதான் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அதனால் ஐசலேட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதல் நோயாளியுடையதைச் சேமித்து வைத்தால்தான் இரண்டாவதோடு ஒப்பிட முடியும்.

நம் ஊர் வார்டுகளில் கூட இருப்பவர் கையில் ஃப்ளாஸ்க் இல்லாத கட்டிலே கிடையாது. பால், கஞ்சி, வெந்நீர் எல்லாம் அதில்தான். கவுன்ட் இல்லாத நாள்களில் பாலுக்கும் வெந்நீருக்கும் ஒரே ஃப்ளாஸ்க்கைப் பயன்படுத்தாதீர்கள். பால் ஊற்றியதை அன்றன்றே மூடியையும் ரப்பர் வாஷரையும் தனியாகக் கழற்றி, சோப்புப் போட்டு, பிரஷ் விட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, கவிழ்த்து முழுக்கக் காயவிடுங்கள். வாஷரின் அடியில் பால் ஏடு படிந்து வழவழப்பாக இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். இதைவிடச் சுலபம், மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரில் அவ்வப்போது காய்ச்சிய பால்.

அடுத்தது வயிற்றுப்போக்குக்குக் கடையில் கிடைக்கும் சாக்கரோமைசிஸ் புலார்டி பாக்கெட். அது உயிருள்ள ஈஸ்ட். கவுன்ட் இல்லாதவர்களுக்கும் சென்ட்ரல் லைன் உள்ளவர்களுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்று 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை முடிவெடுத்தது. பக்கத்துக் கட்டிலில் யாராவது பாக்கெட்டைப் பிரித்தாலே பொடி ஒரு மீட்டர் தூரம்வரை பறக்கும். பிரித்த கையைக் கழுவிய பிறகும் ஈஸ்ட் கையில் ஒட்டியிருக்கும், அந்தக் கை லைன் ஹப்பைத் தொட்டால் போதும். வீட்டில் மருந்துப் பெட்டியைத் திறந்து "வயிறு சரியில்லை" என்று நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பாக்கெட்டின் பின்புறம் உள்ள பெயரை டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் ஒரு முறை 38.3 டிகிரியைத் தொட்டாலோ, 38-லேயே ஒரு மணி நேரம் நின்றாலோ காத்திருக்காமல் கிளம்புங்கள். ஃபாரன்ஹீட்டில் 101, 100.4. பாராசிட்டமால் கொடுத்து இறக்கிப் பார்ப்பது நேரத்தைத் தின்னும். கண்ணில் மங்கல், புதுத் தோல் புள்ளி, லைனில் மருந்து ஏற்றியவுடன் குளிர் நடுக்கம், இவையும் அதே அவசரம்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஃபங்கல் செப்சிஸ்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஈஸ்ட்டின் முழுப் பெயர், எந்த முறையில் அடையாளம் கண்டது, எந்த மருந்தைத் தாண்டி வளர்ந்தது, முதல் நெகட்டிவ் கல்ச்சர் தேதி, லைன் எடுத்த தேதி, வோரிகோனசோல் கடைசி லெவல், அடுத்த கீமோவின்போது எந்தப் பூஞ்சை மருந்தைத் தொடர வேண்டும் என்ற ஏழும் அதில் இருக்க வேண்டும். டிரைக்கோஸ்போரான், ரோடோடொருலா, மேக்னூசியோமைசிஸ் என்றால் "எக்கினோகாண்டின் வேலை செய்யாது" என்று அலர்ஜி எழுதும் கட்டத்திலேயே சிவப்பு மையில் எழுதுங்கள். அடுத்த முறை கவுன்ட் இறங்கும்போது நள்ளிரவில் வேறு ஊர் மருத்துவமனையில் ஃபைலைப் புரட்டும் டாக்டர் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.